ஞாயிற்றுக்கிழமைக்கு எழுதிய பூஜ்யம்

மழைமானியைப் போய்ப் பார்க்காத ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு, அன்று மழை பூஜ்யம் என்று எழுதினேன். பிறகு அது சரியென்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அந்தக் கையெழுத்தால், செத்துப்போன ஒரு மனிதர் திருடர் ஆனார். அவருடைய மனைவி எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள். அவளே என் எதிரில் வந்து நின்று, அன்றைக்கு மழை பெய்ததா என்று கேட்டாள். இல்லை என்றேன். பெய்தது எனக்குத் தெரியும்.

நகரத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் நீரியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு, ராஜா அண்ணாமலைபுரத்தில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் ஒரு மழைமானி வைத்தேன். பெரிய கருவி இல்லை. மேலே புனல், உள்ளே ஒரு குடுவை, குடுவை நிரம்பி வழிந்தால் பிடித்துக்கொள்ள வெளியே ஓர் உருளை. காலையில் ஏறிப்போய், சேர்ந்த தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி எத்தனை மில்லிமீட்டர் என்று பார்க்க வேண்டும். நகரத்தில் என்னைப் போல மழை அளப்பவர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். தினமும் எண்ணை அவர்களுக்கு அனுப்பிவிடுவேன். என் மனைவி காபியை வைத்துவிட்டு, "இன்னிக்கு மேலேர்ந்து என்ன கொண்டுவந்தேள்?" என்று கேட்பாள். ஒன்றும் இல்லை என்றால், "அப்போ வெறுங்கையோட வந்துட்டேளா, காபி கிடையாது" என்பாள். எங்கள் காலை இப்படித்தான் தொடங்கும்.

இந்த அளவையில் வெளியார் இடறி விழும் ஓர் இடம் இருக்கிறது. மழைக்கு நாள் நள்ளிரவில் பிறப்பதில்லை. காலை எட்டரைக்குத் தொடங்கி மறுநாள் காலை எட்டரைக்கு முடிகிறது. கிரீன்விச்சில் அப்போது விடிகாலை மூன்று. உலகத்தின் நிலையங்கள் எல்லாம் ஒரே கணத்தில் வானத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஏற்பாட்டில் நமக்கு வாய்த்த நேரம் அது. அளந்த எண்ணை, அளந்த காலையின் தேதியில் எழுதுவோம். ஆகவே சனிக்கிழமை ராத்திரி கொட்டும் மழை பதிவில் ஞாயிற்றுக்கிழமை மழை. சனிக்கிழமைக் கட்டத்தில் இருப்பது வெள்ளிப் பகலும் வெள்ளி இரவும்.

இன்னொரு விதி இதைவிட எளிது. பார்க்காத நாளுக்கு எண் எழுதக்கூடாது. கோடு போட வேண்டும். மறுநாள் அளப்பது இரண்டு நாளின் கூட்டுத்தொகை என்று பக்கத்தில் குறிக்க வேண்டும். பூஜ்யம் என்றால் பார்த்தேன், ஒன்றும் இல்லை என்று பொருள். கோடு என்றால் எனக்குத் தெரியாது என்று பொருள். இதைத் தொண்டை வறள வகுப்பில் சொன்னவன் நான். பரீட்சையில் இதைக் குழப்பிய பையன்களுக்கு இரக்கமில்லாமல் மதிப்பெண் குறைத்திருக்கிறேன்.

ஆனால் என் பதிவில் ஒரு கோடுகூட இல்லை. தொடங்கிய நாளிலிருந்து இடைவெளியே இல்லாத பதிவு என்று குழுவில் என்னைப் பற்றிச் சொல்வார்கள். காய்ச்சலிலும் ஏறியிருக்கிறேன். மற்றவர்களுடைய எண்களைச் சரிபார்க்க ஒரு சில நிலையங்களை உரைகல்லாக வைத்துக்கொள்ளப் போவதாகவும், அதில் என்னுடையது நிச்சயம் இருக்கும் என்றும் அந்த ஆண்டு பேச்சு இருந்தது. ஓய்வு பெற்றபின் என்னை யாரும் எதற்கும் தேடி வந்ததில்லை. அந்தப் பேச்சு எனக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது.

அந்த ஐப்பசியில் என் மனைவியின் தங்கை பேத்திக்கு தி.நகரில் கல்யாணம். சனிக்கிழமை மாலை வரவேற்பு, ஞாயிறு விடிகாலை முகூர்த்தம். இரவு மண்டபத்திலேயே தங்கிவிட்டோம். தி.நகரில் ஒரு சொட்டு விழவில்லை. மழைக்காலத்தில் இந்த ஊரில் அது வழக்கம்தான். கடலிலிருந்து ஒரு மேகம் ஒதுங்கி வந்து அடையாற்றின் கரையோடு கொட்டிவிட்டுப் போகும், பாண்டி பஜாரில் குடை விரிக்க வேண்டியிருக்காது.

ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு ஆட்டோவில் திரும்பினோம். எங்கள் தெருமுனையில் ஆட்டோக்காரர் நிறுத்திவிட்டார். தெரு முழுக்கத் தண்ணீர். "இதுக்கு மேல போனா இஞ்சின் போயிரும் சார், எறங்கிக்கோ" என்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். என் மனைவி பட்டுப்புடவையைக் கெண்டைக்கால் வரைக்கும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நான் அவளை விட்டுவிட்டுப் போவதாகத் திட்டிக்கொண்டே பின்னால் வந்தாள். வீட்டுக்குள் போனதும் படுத்துவிட்டேன். காலைக்கான அளவை எடுக்கவில்லை என்ற நினைவு இருந்தது. அப்போதுகூட ஏறி, நேரம் தவறிய அளவு என்று குறிப்போடு எழுதியிருக்கலாம். லிஃப்ட் மொட்டைமாடி வரை போகாது. கல்யாணச் சாப்பாடு, முழங்கால் வலி. நான் ஏறவில்லை.

ஞாயிறு ராத்திரியும் மழை பெய்தது. அதைப் படுக்கையில் கிடந்தபடி கேட்டேன். திங்கள் காலை ஏறிப் பார்த்தபோது குடுவை நிரம்பி உருளைக்குள் வழிந்திருந்தது. சனி ராத்திரி மழையும் ஞாயிறு ராத்திரி மழையும் ஒன்றாய்க் கலந்து நின்றன. அதில் எது எவ்வளவு என்று யாராலும் பிரிக்க முடியாது. ஞாயிற்றுக்கு ஒரு கோடு போட்டிருந்தால் போதும். என் பதிவில் முதல் கோடு. நான் ஞாயிற்றுக்குப் பூஜ்யம் போட்டு, தண்ணீர் முழுவதையும் திங்களுக்கு எழுதி அனுப்பினேன். யாருக்கு இதனால் என்ன கெடப்போகிறது என்று நினைத்தது நினைவிருக்கிறது.

திங்களன்று, எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள் வேலைக்கு வரவில்லை. மறுநாள்தான் எதிர்வீட்டில் சொன்னார்கள். அவள் கணவர் ஆற்றுப்பக்கம் ஒரு கட்டட வேலையிடத்தில் ராத்திரிக் காவலுக்கு இருந்தவர். சனிக்கிழமை ராத்திரி, அடித்தளத்துக்குத் தோண்டிய பள்ளத்தில் மண் சரிந்து மூடிவிட்டது. என் மனைவி அவர்கள் குடிசை இருந்த ஆற்றோரம் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். நான் போகவில்லை.

சில வாரங்கள் கழித்து என் பழைய மாணவன் ஒருவன் வந்தான். கெட்டிக்காரப் பையன், அந்தக் கட்டட நிறுவனத்தில் பொறியாளர். ஆப்பிளும் மைலாப்பூர் ஸ்வீட்டும் வாங்கி வந்து, காலைத் தொட்டுக் கும்பிட்டான். விபத்து பற்றி விசாரணை நடப்பதாகச் சொன்னான். மழை வந்தால் பள்ளத்துக்குள் இறங்கி, தண்ணீர் இறைக்கும் மோட்டாரைப் போட வேண்டும் என்பது காவலாளிக்கு இட்டிருந்த வேலை. மழை பெய்ததா என்பதுதான் கேள்வியாம். பெய்திருந்தால் மோட்டார் போட இறங்கியிருக்கிறார், பொறுப்பு நிறுவனத்தின் மேல். பெய்யவில்லை என்றால் அந்த நேரத்தில் உள்ளே இறங்க ஒரே காரணம்தான் இருக்கிறது, பக்கவாட்டில் மண்ணைத் தாங்க அடித்திருந்த பலகைகளைப் பிடுங்கி விற்க.

"மழையில்லாம மண்ணு எப்படி சார் சரியும்? பலகையில கை வெச்சிருக்கான். அந்தக் குடிசை ஜனம் மழை மழைன்னு சொல்லுது. இந்த மாசத்துல எந்த ராத்திரி மழை, எந்த ராத்திரி இல்லைன்னு யாருக்கு சார் ஞாபகம் இருக்கும்? அதெல்லாம் சொந்தக்காரங்க சாட்சி."

தூரத்தில் இருக்கும் நிலையத்தின் எண்ணில் அந்த ராத்திரிக்கு ஒன்றும் பெரிதாக இல்லை. மிக அருகில் இருப்பது என்னுடையது. அவன் என்னிடம் படித்தவன், தேதி விவகாரம் அவனுக்குத் தெரியும். "சனி ராத்திரின்னா நீங்க ஞாயித்துக்கிழமை காலையில எடுத்த ரீடிங்தானே சார்?" என்று சரியாகக் கேட்டான். குழுவிடமிருந்து எடுத்துவந்த அட்டவணையில் அந்தப் பூஜ்யத்தைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தான். "சார் ரெக்கார்டுன்னா ஒருத்தரும் வாயைத் தொறக்க மாட்டாங்க" என்றான்.

காவலாளி யார் என்று கேட்டேன். பெயரைச் சொன்னான். அந்தப் பெயர் எனக்கு எதையும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அத்தனை வருஷம் வேலை செய்தவளின் கணவர் பெயரை நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் இடத்தைச் சொன்னானே, பள்ளம் என்றானே, சனிக்கிழமை ராத்திரி என்றானே. புரியவில்லை என்று நான் சொன்னால் அது இன்னொரு பொய். அவன் பேனாவைத் திறந்து நீட்டிக்கொண்டிருந்தான். அந்த நாள் நான் மாடி ஏறவில்லை என்று சொல்ல வாயெடுத்தால், என் பழைய மாணவன் முகத்தில் என்ன வரும் என்று யோசித்தேன். அவனுக்கு இதைத்தானே கற்பித்தேன். கையெழுத்துப் போட்டேன். அவன் போகும்போது மறுபடியும் காலைத் தொட்டான்.

சமையலறையிலிருந்து என் மனைவி வந்து நாற்காலியின் பின்னால் நின்றாள்.

"நீங்க அன்னிக்கு மாடிக்கே ஏறலையே. ஜலத்துல நடந்துதானே நம்மாத்துக்கு வந்து சேர்ந்தோம்."

இது தொழில் சம்பந்தப்பட்டது, உனக்குப் புரியாது என்றேன். அவள் புரியாதவள் இல்லை. ஆப்பிள் பையை எடுத்துக்கொண்டுபோய்க் எங்கள் கட்டட வாசல் காவலாளியிடம் கொடுத்துவிட்டு வந்தாள். அடுத்த நாளிலிருந்து காபி வைக்கும்போது மேலிருந்து என்ன கொண்டுவந்தேன் என்று கேட்பதை நிறுத்திவிட்டாள்.

விசாரணையின் முடிவு வந்ததும் அந்தப் பெண் என்னைத் தேடி வந்தாள். வேலைக்கு வருகிற பின்பக்க வழியில் வராமல், முன்வாசலுக்கு வந்து மணி அடித்தாள். துக்கத்தில் உடம்பு பாதியாக இருந்தது. உள்ளே வா என்றேன், வரவில்லை.

"சார், நீங்க டெய்லி மேல போயி மழை அளக்குறீங்கல்ல. அன்னிக்கு மழை இல்லன்னு எழுதி கீதாம். நம்ம சார் எழுதினாருன்னு சொல்றாங்க. வேற யாரோன்னு நெனச்சேன்."

ஞாயிற்றுக்கிழமை பதிவில் மழை இல்லை என்றேன்.

"ஞாயித்துக்கிழமை இல்ல சார். அவரு செத்தது சனிக்கிழமை ராத்திரி." அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நான் நாளை மாற்றிச் சொல்லிவிட்டேன், எல்லாம் அதனால் வந்த குழப்பம்தான், இதோ சரியாகிவிடப் போகிறது என்று நினைத்துவிட்டாள். "சனிக்கிழமைய பாருங்க சார். கொட்டுச்சி சார், எங்க கூரையே பிச்சிக்கிச்சி. அவரு மோட்டாரு போடத்தான் எறங்கினாரு."

நான் அவளுக்குக் காலை எட்டரைக் கணக்கை விளக்கினேன். வாசலில் நின்றுகொண்டு, ஒரு விதவைக்கு, மழையின் நாள் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று நிதானமாக, வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னேன். சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சரி. அந்தச் சரியான வார்த்தைகளை வைத்துத்தான் பொய்யை மூடினேன். கடைசியில், "பதிவில் இல்லையேம்மா, நான் என்ன செய்ய முடியும்" என்றேன்.

"திருடன்னு எழுதிட்டாங்க சார்" என்று மட்டும் சொன்னாள். பிறகு இறங்கிப் போய்விட்டாள். அதற்குப்பின் எங்கள் கட்டடத்துக்கு அவள் வரவில்லை. கொஞ்ச காலத்தில் அந்த ஆற்றோரக் குடிசைகளையும் எடுத்துவிட்டு, அங்கிருந்தவர்களைப் பெரும்பாக்கத்துக் குடியிருப்புக்கு அனுப்பிவிட்டார்கள்.

வருஷங்கள் போயின. என் நிலையம் உரைகல் நிலையமாயிற்று. நான் தினமும் ஏறினேன். ஏறும்போதெல்லாம் அந்த ஞாயிறு என்னோடு ஏறியது என்று சொன்னால் அது என்னை நல்லவனாகக் காட்டும். உண்மையில் பல மாதங்கள் அதை நினைக்காமலே இருந்தேன். நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். பெரிய மழை பெய்த மறுநாள் மட்டும், குவளையின் கோட்டை இரண்டு தடவை பார்த்து எழுதுவேன். பழக்கம் என்று சொல்லிக்கொள்வேன்.

போன ஆண்டு குழுவிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். வயதில் சிறியவள், மரியாதையாகப் பேசினாள். பழைய பதிவுகளையெல்லாம் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். பூஜ்யத்துக்கு அடுத்த நாளே மிகப் பெரிய எண் வருகிற இடங்களைத் தனியே எடுத்து, அது இரண்டு நாள் கூட்டுத்தொகையாக இருக்குமோ என்று பார்ப்பது வழக்கம். என் பதிவில் அப்படி ஓரிடம் இருந்தது.

"உங்களுடையதுங்கறதால கேக்கவே சங்கடமா இருக்கு சார். அன்னிக்கு ஒருவேளை அளக்க முடியாம போயிருக்குமா?"

ஆமாம் என்றேன். அவ்வளவுதான். அவள் நன்றி சொன்னாள். அங்கே கோடு போட்டு, மறுநாளுக்குக் குறிப்பு எழுதிவிட்டாள். என் நிலையத்தை உரைகல் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். யாரும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. எதைக் காப்பாற்ற ஒரு மனிதரின் நல்ல பெயரைப் பலிகொடுத்தேனோ, அதை இழந்தபோது அதற்கு ஒரு தொலைபேசி அழைப்பின் கனம்கூட இல்லை. தொலைபேசியை வைத்துவிட்டு அழுதேன். என் மனைவி பக்கத்தில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அவ இருக்கற எடம் எங்கேன்னு விசாரிச்சு வெச்சிருக்கேன்" என்று ஹாலிலிருந்தபடி சொன்னாள்.

முதலில் மாணவனிடம் போனேன். கிண்டியில் கண்ணாடி போட்ட பெரிய அலுவலகம். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு எழுந்து அறைக்கதவைச் சாத்தினான்.

"சார், இப்ப நீங்க இன்னொரு பேப்பர் குடுத்தா, ரெண்டுல எது உண்மைன்னு கேப்பாங்க. ரெண்டுமே செல்லாம போயிடும். உங்களுக்கு உடம்பு சரியில்லையா சார்? வீட்ல யாராவது கூட இருக்காங்களா?"

கடைசிக் கேள்வி எதற்கு என்று எனக்கு அப்போது புரியவில்லை. லிஃப்ட் வரை வந்து கையைப் பிடித்து ஏற்றிவிட்டான்.

பெரும்பாக்கத்தில் அவள் வீடு மேல்மாடி ஒன்றில் இருந்தது. லிஃப்ட் ஓடவில்லை. நின்று நின்று ஏறினேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் என்பதால் வீட்டில் இருந்தாள். கம்பெனி ஒன்றில் தரை துடைக்கும் வேலைக்குப் போகிறாளாம். என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை, ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். மூச்சு அடங்கியதும் சொல்லத் தொடங்கினேன். மாடி ஏறாதது, பூஜ்யம், கையெழுத்து, வாசலில் சொன்னது எல்லாம். தெருவில் தண்ணீர் நின்றதையும் சொன்னேன்.

"அந்தத் தண்ணில நடந்துதான் வூட்டுக்குப் போனியா சார்?"

ஆமாம் என்றேன்.

"நானும் அந்தத் தண்ணிலதான் சார் ஓடினேன். மண்ணு சரிஞ்சிடுச்சின்னு வந்து சொன்னப்போ."

நான் தலையைத் தூக்கவில்லை. மன்னிக்கச் சொல்லிக் கேட்கத்தான் வந்திருந்தேன். கேட்கவில்லை. அவளே பேசினாள். அந்தக் கட்டடத்தில் யார் வீட்டில் குடம் காணாமல் போனாலும், சைக்கிள் காணாமல் போனாலும், முதலில் அவள் வாசலில்தான் வந்து நிற்கிறார்களாம். பழைய இடத்துச் சனம்தானே பக்கத்திலெல்லாம் குடிவந்திருக்கிறது, பழைய பேச்சும் கூடவே வந்துவிட்டது என்றாள். குரலில் கோபம் இல்லை. எனக்கு அந்தக் கோபம் வேண்டியிருந்தது.

"மழை பெஞ்சிதுன்னு எனக்குத் தெரியும் சார். எங்கிட்ட வந்து இன்னாத்துக்கு சொல்ற? எழுதினாங்கல்ல, அவங்ககிட்ட சொல்லு. நானும் வரேன்."

காவல் நிலையத்துக்கு இருவரும் போனோம். அந்தக் காலத்தில் இருந்த அதிகாரி மாறிவிட்டார். புதியவர் பொறுமையாகத்தான் உட்கார வைத்தார். பழைய கோப்பைத் தேடி எடுக்கச் சொன்னார். அவர் பார்த்தது சனிக்கிழமைக் கட்டத்தை. அங்கேயும் பூஜ்யம்தான், அது வெள்ளியின் மழை, அது சரியான பூஜ்யம் என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

"அப்போ சனிக்கிழமை மழை ஞாயித்துக்கிழமை பேயும், வெள்ளிக்கிழமை மழை சனிக்கிழமை பேயும். அப்படித்தானே பெரியவரே?"

பக்கத்து மேசையில் இருந்தவரும் சிரித்தார். நான் மறுபடி விளக்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, விஷயத்துக்கு வந்தார்.

"சரி, விடுங்க. அந்த ராத்திரி மழை பெஞ்சதை நீங்க பார்த்தீங்களா?"

தி.நகரில் இருந்தேன், பார்க்கவில்லை, மறுநாள் மதியம் தெருவில் தண்ணீர் நின்றதைப் பார்த்தேன் என்றேன். குழாய் உடைந்தாலும் தண்ணீர் நிற்கும் என்றார். திங்களன்று அளந்ததில் சனி ராத்திரியின் பங்கு எவ்வளவு என்று கேட்டார். நல்ல கேள்வி. என் மாணவர்களில் ஒருவரும் இவ்வளவு சரியாகக் கேட்டதில்லை. பிரிக்க முடியாது என்றேன்.

அவள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "பெஞ்சிதுன்னு சொல்லு சார். நீ சொன்னா எடுத்துப்பாங்க. அன்னிக்கு எடுத்துக்கினாங்கல்ல."

சொல்லியிருக்கலாம். படுக்கையிலிருந்து கேட்டேன், தி.நகரிலிருந்து ராத்திரியே திரும்பிவிட்டோம் என்று எதையாவது சொல்லியிருக்கலாம். அந்த ஒரு பொய்யை அவளுக்காகச் சொல்ல வேண்டும் என்று வாய் துடித்தது. கல்யாணத்தில் நான் இருந்ததை நூறு பேர் பார்த்திருக்கிறார்கள், பொய் என்று தெரிந்தால் மிச்சமும் போய்விடும் என்று நினைத்தேன். அது காரணமா, அல்லது கடைசியாக ஒரு தடவையாவது நான் சுத்தமாக இருக்க ஆசைப்பட்டேனா என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. "மழை இல்லை என்று நான் எழுதியது பொய். என்னால் அதை மட்டும்தான் சொல்ல முடியும்" என்றேன். அதிகாரி எழுதிக்கொண்டார். கோப்பில் இருந்த ஒரு தாளைப் பார்த்துவிட்டு, உங்களுக்கு ஞாபக மறதி உண்டா என்று கேட்டார். நிறுவனத்தின் பக்கத்திலிருந்து முந்தின வாரமே யாரோ வந்து, வயதானவர், இப்போதெல்லாம் குழம்பிப் பேசுகிறார் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றோம். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"பொய் சொன்னப்போ ஒரு கேள்வி கேக்கல ஒருத்தனும்" என்றாள். அவளுடைய பஸ் வந்தது, ஏறிப்போனாள்.

அதன்பிறகும் நான் விடவில்லை. மேலதிகாரிகளுக்கு மனுக்கள் எழுதினேன். குழுவிடமிருந்து, திருத்திய பதிவின் பிரதியை வாங்கி இணைத்தேன். அக்கம்பக்கத்து நிலையங்களின் எண்களைத் தேடிப் போனேன். பாதி நிலையங்கள் அப்போது இல்லவே இல்லை, மீதி அந்த மேகம் எட்டாத தூரத்தில் இருந்தன. எதிர்வீட்டில் இருந்தவர்களைக் கேட்டேன். அந்த மழைக்காலமே அவர்களுக்கு ஒரே மழையாகத்தான் நினைவிருந்தது. என் மனைவி மட்டும், தான் நடந்துவந்த தண்ணீரைப் பற்றித் தன் கையால் எழுதிக் கொடுத்தாள். கணவனுக்காக மனைவி எழுதியது என்று அதை ஒதுக்கிவிட்டார்கள்.

மாதங்கள் கழித்துப் பதில் வந்தது. அந்த இரவு மழை இல்லை என்ற வரியை நீக்கிவிட்டார்கள். மழை பெய்ததா என்பது உறுதிப்படவில்லை என்று அங்கே எழுதியிருந்தார்கள். இறந்தவர் பலகைகளைத் திருட இறங்கினார் என்ற இடத்தில், திருட இறங்கியதாகச் சந்தேகிக்கப்படுகிறது என்று மாற்றியிருந்தார்கள். மற்றதெல்லாம் அப்படியே இருந்தது.

அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். சமையல் சத்தம் கேட்டது, அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாள். மறுபடி ஒருதரம் படிக்கச் சொன்னாள்.

"அப்போ திருடன்னு இன்னும் எழுதி கீதா சார்?"

"சந்தேகம்னு இருக்கும்மா."

"எங்க சனத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான் சார்."

இன்னும் மேலே முறையிடலாம், நானே கூட வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வேலைக்கு நேரமாகிறது என்றாள். இனிமேல் இது விஷயமாகக் கூப்பிட வேண்டாம், பிள்ளைகள் காதில் விழும், இப்போதுதான் கொஞ்சம் மறந்திருக்கிறதுகள் என்றாள். அவளாகவே தொலைபேசியை வைத்தாள். நான் அதற்குப்பின் கூப்பிடவில்லை.